பென் டிரைவ்ல இருந்து பூட் ஆகல, மெனுலயே பேர் வரல (லினக்ஸ் மின்ட், பழைய லேப்டாப்)

மேகமலை:
வணக்கம் எல்லாருக்கும். வீட்ல ஒரு லேப்டாப் இருக்கு, ஐ5 7ஆம் தலைமுறை, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10 ஹோம். 2025 அக்டோபர் 14ஓட 10க்கு சப்போர்ட் முடிஞ்சிருச்சு, 11 போடலாம்னு பாத்தா இந்த ப்ராசஸரை ஏத்துக்கல. மெஷின் நல்லாதான் ஓடுது, தூக்கிப்போட மனசு வரல, அதான் லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் மாதிரி ஒரு இலவச ஓஎஸ்) போடலாம்னு இருக்கேன். அப்பா கடை கணக்கு டேலில இருக்கறதால விண்டோஸும் கூடவே இருக்கணும். சித்தப்பா பையன் அவன்கிட்ட இருந்த மின்ட் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் பண்ண வேண்டியது மொத்தமும் ஒரே ஃபைலா இருக்கறது) ஒரு 16 ஜிபி பென் டிரைவ்ல போட்டு குடுத்தான். சொருகிட்டு ஆன் பண்றப்ப எஃப்12 தட்டுனா மெனு வருது, ஆனா அதுல விண்டோஸ் பூட் மேனேஜர் மட்டும்தான் இருக்கு, பென் டிரைவ் பேரே இல்ல. போர்ட் மாத்தியும் பாத்தாச்சு. விண்டோஸுக்குள்ள போனா பென் டிரைவ் நல்லா தெரியுது. என்ன பண்றது?

பென்குயின் தம்பி:
அக்கா, விண்டோஸ்ல அந்த பென் டிரைவை தொறந்தா உள்ள என்ன தெரியுது? ஒரே ஒரு பெரிய ஐஎஸ்ஓ ஃபைலா, இல்ல நிறைய ஃபோல்டரா?

மேகமலை:
ஒரே ஃபைல்தான் தம்பி. 2 ஜிபிக்கு மேல இருக்கு.

பென்குயின் தம்பி:
அப்ப அதான் விஷயம். ஐஎஸ்ஓவை சும்மா காப்பி பண்ணி போட்டா பூட் ஆகாதுக்கா. யூஈஎஃப்ஐ (பழைய பயாஸுக்கு பதிலா வந்த பூட் முறை) மெஷின் ஆன் ஆனதும் பென் டிரைவ்ல ஈஎஃப்ஐ ஃபோல்டர், அதுக்குள்ள பூட் ஃபோல்டர், அதுக்குள்ள பூட்எக்ஸ்64ன்னு ஒரு ஃபைல், இதைத்தான் தேடும். உங்க பென் டிரைவ்ல அதெல்லாம் ஐஎஸ்ஓக்குள்ள மூடி கெடக்கு, மெஷினுக்கு அதை பிரிச்சு பாக்க தெரியாது, அதான் மெனுலயே காட்டல. ரூஃபஸ்னு ஐஎஸ்ஓவை பென் டிரைவ்ல எழுதற ப்ரோக்ராம் இருக்கு, அதை இறக்கி எழுதுங்க. பார்ட்டிஷன் முறைல ஜிபிடி, டார்கெட்ல யூஈஎஃப்ஐ. நடுவுல ஐஎஸ்ஓ மோடா டிடி மோடான்னு கேக்கும், ஐஎஸ்ஓ மோடே குடுங்க. பென் டிரைவ்ல இருக்கற எல்லாம் அழிஞ்சிரும், வேணுங்கறத முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க.

கோவை சர்வீஸ்:
தம்பி சொன்னது சரிங்க. கூட ரெண்டு விஷயம். விண்டோஸை ஷட் டவுன் குடுத்து அணைச்சா அது முழுசா அணையறதில்லைங்க, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு பாதி தூக்கத்துல போயிடும். ரீஸ்டார்ட் குடுத்தா முழுசா அணைஞ்சு வரும், இல்லீன்னா ஷிஃப்ட் அழுத்திப் புடிச்சுட்டு ஷட் டவுன் குடுங்க. பயாஸ்லயே (ஆன் ஆனதும் வர மெஷினோட அடிப்படை செட்டிங்ஸ்) ஃபாஸ்ட் பூட்னு வேற ஒண்ணு இருக்கும், பேர் ஒரே மாதிரி இருந்தாலும் அது வேற இது வேற, அது ஆன்ல இருந்தா சில மெஷின்ல யூஎஸ்பியை தேடாமலே தாண்டிப் போயிடும். உங்களுக்கு எஃப்12 வேலை செய்யுது சரி, ஆனா படிக்கறவங்க எல்லாருக்கும் அதுவே இருக்காதுங்க: டெல், லெனோவால பெரும்பாலும் எஃப்12, எச்பின்னா எஃப்9, ஏசஸ் லேப்டாப்ல எஸ்கேப், எம்எஸ்ஐ போர்டுல எஃப்11, ஏசர்ல எஃப்12தான் ஆனா பயாஸ்க்குள்ள அந்த மெனுவை முதல்ல எனேபிள் பண்ணணும். எந்த கீயுமே பிடிபடலைன்னா விண்டோஸ்ல ஷிஃப்ட் அழுத்திட்டு ரீஸ்டார்ட் குடுங்க, நீல ஸ்கிரீன் வரும், அதுல யூஸ் எ டிவைஸ்னு இருந்தா அங்கிருந்தே பென் டிரைவை தேர்ந்தெடுக்கலாம்.

மேகமலை:
ரொம்ப நன்றி அண்ணா, தம்பி. ரூஃபஸ்ல எழுதியாச்சு. இப்ப மெனுல யூஈஎஃப்ஐன்னு போட்டு பென் டிரைவ் பேர் வருது! ஆனா அதை செலக்ட் பண்ணி என்டர் தட்டுனா கருப்பு ஸ்கிரீன்ல ரெண்டு வரி ஏதோ வருது, சில செகண்ட்ல லேப்டாப்பே ஆஃப் ஆயிடுது. திரும்பத் திரும்ப அதேதான்.

டீபக்_டீக்கடை:
பயாஸ் போய் செக்யூர் பூட் ஆஃப் பண்ணு, அவ்ளோதான், ஓடிரும். நான் எல்லா மெஷின்லயும் முதல்ல அதைத்தான் ஆஃப் பண்ணுவேன்.

பழைய பயாஸ்:
மேகமலை, தயவு செஞ்சு இப்ப செக்யூர் பூட்ல கை வைக்காதீங்க, ரெண்டு கேள்விக்கு பதில் சொல்லிட்டு அப்புறம் முடிவு பண்ணலாம். முதல் கேள்வி, சி டிரைவ் என்கிரிப்ட் ஆகி இருக்கா? விண்டோஸ் 10 ஹோம்லயும் டிவைஸ் என்கிரிப்ஷன்னு ஒண்ணு (டிஸ்க்கை பூட்டி வைக்கற பிட்லாக்கர்தான் இது) சில மெஷின்ல தானா ஆன் ஆகி இருக்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி இருந்தா சத்தமே இல்லாம நடந்திருக்கும், வீட்ல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அது ஆன்ல இருக்கறப்ப செக்யூர் பூட்டை மாத்துனா அடுத்த தடவை விண்டோஸ் வரப்ப 48 இலக்க ரெகவரி கீ கேக்கும், கீ கைல இல்லைன்னா அப்பாவோட கணக்கு மொத்தமும் உள்ளயே பூட்டிக்கும். ரெண்டாவது, அந்த ரெண்டு வரி என்னன்னு வேணும். ஃபோன்ல வீடியோ எடுங்க, அப்புறம் நிறுத்தி படிச்சு எழுத்து விடாம இங்க போடுங்க.

டீபக்கு, உங்க மெஷின்ல ஓடுனது அவங்களுக்கும் ஓடும், மறுக்கல. ஆனா எதிர்ல இருக்கறவங்க டிஸ்க் எந்த நிலைமைல இருக்குன்னு தெரியாம ஆஃப் பண்ணுன்னு சொல்றது ஆபத்து. இதே மாதிரி ஒரு பதிலைப் பாத்து செஞ்சுட்டு கீ தேடி அலைஞ்சவங்க நிறைய பேரை நான் பாத்திருக்கேன், அதான் அழுத்தி சொல்றேன்.

டீபக்_டீக்கடை:
பிட்லாக்கர் விஷயம் எனக்கு தெரியாது ப்ரோ, சொன்னதுக்கு தேங்க்ஸ். மேகமலை முதல்ல அதை செக் பண்ணுங்க.

யாழ் மடிக்கணினி:
நடுவில கேக்கிறதுக்கு மன்னிக்கவும். எனக்கும் மெனுவில காட்டாத பிரச்சினைதான், ஆனா நான் செய்தது விண்டோஸ் 11 பென் டிரைவ். உபுண்டுவில இருந்து எட்சர் எண்ட மென்பொருளால எழுதினனான். எழுதி முடிஞ்சது எண்டு சொல்லிச்சுது, ஆனா பூட் ஆகேல்ல. ஐஎஸ்ஓ பழுதோ தெரியேல்ல.

பழைய பயாஸ்:
யாழ், ஐஎஸ்ஓ மேல தப்பு இருக்காது. லினக்ஸ் ஐஎஸ்ஓ பெரும்பாலும் அப்படியே பிட்டுக்கு பிட்டு எழுதுனா பூட் ஆகற மாதிரி கலப்பா செஞ்சு வச்சிருப்பாங்க, விண்டோஸ் ஐஎஸ்ஓ அப்படி இல்ல, அதனால எட்சர் அதுக்கு ஒத்துவராது. விண்டோஸ் பென் டிரைவ்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. யூஈஎஃப்ஐ கண்டிப்பா படிக்கும்னு நம்பக்கூடியது ஃபேட்32 ஃபார்மேட் மட்டும்தான், ஆனா ஃபேட்32ல 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் வைக்க முடியாது, விண்டோஸ் ஐஎஸ்ஓக்குள்ள இன்ஸ்டால் டபிள்யூஐஎம்னு ஒரு ஃபைல் இருக்கும், இப்ப வர ஐஎஸ்ஓல அது 4 ஜிபியை தாண்டிருது. ரூஃபஸ் இதை எப்படி சமாளிக்குதுன்னா பென் டிரைவை என்டிஎஃப்எஸ் பண்ணிட்டு கடைசில குட்டியா ஒரு ஃபேட் பார்ட்டிஷன் வச்சு அதுல என்டிஎஃப்எஸ் படிக்கற டிரைவரை போட்டுரும், மெஷின் முதல்ல அந்த குட்டி பார்ட்டிஷனை பிடிச்சு அது வழியா பெருசுக்கு போகும். ரூஃபஸ் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். உங்களுக்கு உபுண்டுதான் இருக்குன்னா வென்டாய் போடுங்க, அதை பென் டிரைவ்ல ஒரு தடவை இன்ஸ்டால் பண்ணிட்டா அப்புறம் ஐஎஸ்ஓவை சும்மா காப்பி பண்ணாலே போதும்.

கோவை சர்வீஸ்:
வென்டாய்தான் நானும் கடைல வச்சிருக்கேங்க, ஒரே பென் டிரைவ்ல எல்லா ஐஎஸ்ஓவும் இருக்கும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், செக்யூர் பூட் ஆன்ல இருக்கற மெஷின்ல முதல் தடவை சொருகுனா வெரிஃபிகேஷன் ஃபெயில்ட், செக்யூரிட்டி வயலேஷன்னு வரும், அதைப் பாத்து பயந்துற வேண்டாம். ஓகே குடுத்தா அடுத்து நீல மெனு வரும், என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க் குடுத்து, வென்டாய் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள்ள போனா ஒரு கீ ஃபைல் இருக்கும், பேர்லயே இதைத்தான் என்ரோல் பண்ணணும்னு போட்டிருக்கும், அதை ஏத்தி ரீபூட் பண்ணுங்க. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தடவை செஞ்சா போதும்.

யாழ் மடிக்கணினி:
மிக்க நன்றி அண்ணா. நீங்கள் சொன்ன மாதிரியே அந்த நீல மெனு வந்தது, கீயை ஏத்தினவுடன விண்டோஸ் இன்ஸ்டாலர் வந்திட்டுது.

மேகமலை:
வந்துட்டேன். செட்டிங்ஸ்ல அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள்ள டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன்னு இருக்கு! எனக்கு இது ஆன்ல இருக்குன்னே தெரியாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் பாத்தேன், ரெகவரி கீ அங்க இருக்கு, பேப்பர்லயும் எழுதி வச்சுட்டேன். வீடியோ எடுத்து படிச்சதுல வந்த வரி இது: வெரிஃபையிங் ஷிம் எஸ்பாட் டேட்டா ஃபெயில்ட், செக்யூரிட்டி பாலிசி வயலேஷன். அடுத்த வரி: சம்திங் ஹாஸ் கான் சீரியஸ்லி ராங், எஸ்பாட் செல்ஃப் செக் ஃபெயில்ட். இத படிச்சதும் லேப்டாப்பே போச்சோன்னு பக்குன்னு ஆயிடுச்சு.

பழைய பயாஸ்:
லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகல, நிம்மதியா இருங்க. அந்த வரி வந்ததால இப்ப காரணம் உறுதியா தெரியும். சித்தப்பா பையன் குடுத்த ஐஎஸ்ஓ எந்த வெர்ஷன்னு பாருங்க, பழசா இருக்கும்.

மேகமலை:
ஆமா, ஃபைல் பேர்ல 20.3ன்னு இருக்கு.

பழைய பயாஸ்:
20.3 வந்தது 2022 ஜனவரில. அதான். கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இந்த வரியோட பலர் வராங்க, எங்க போனாலும் செக்யூர் பூட் ஆஃப் பண்ணுன்னு மட்டும் சொல்லி அனுப்பிடறாங்க.

செக்யூர் பூட்ங்கறது மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடற ப்ரோக்ராம்ல நம்பகமான கையெழுத்து இருக்கான்னு பாக்கற ஏற்பாடு. விண்டோஸ் 8 வந்த 2012ல இருந்து பரவலாச்சு. லினக்ஸுக்கு மைக்ரோசாஃப்ட் கையெழுத்து போட்ட ஷிம்னு ஒரு சின்ன ப்ரோக்ராம் இருக்கு, அது முதல்ல ஓடி, பின்னாடி கிரப்பை (லினக்ஸை தொடங்கி வைக்கற பூட்லோடர்) சரிபாத்து ஓட்டும். கிரப்ல அவ்வப்போது பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிப்பாங்க. ஓட்டை உள்ள பழைய கிரப்லயும் கையெழுத்து சரியாத்தான் இருக்கும், அதனால கெட்டவன் ஒருத்தன் வேணும்னே பழசை கொண்டு வந்து ஓட்டி அது வழியா உள்ள நுழையலாம். ஒவ்வொரு பழைய ஃபைலையும் தனித்தனியா தடை பண்ணா மதர்போர்டுல இருக்கற பட்டியலுக்கு இடம் பத்தாது. அதுக்குத்தான் எஸ்பாட் கொண்டு வந்தாங்க. ஷிம், கிரப் ஒவ்வொண்ணுக்கும் ஒரு தலைமுறை எண் இருக்கும், மெஷின்ல இருக்கற குறைந்தபட்ச எண்ணை விட கம்மியா இருந்தா ஓடாது.

2024 ஆகஸ்ட்ல வந்த விண்டோஸ் அப்டேட் அந்த குறைந்தபட்ச எண்ணை ஏத்துச்சு. டூயல் பூட் (ஒரே மெஷின்ல விண்டோஸும் லினக்ஸும்) வச்சிருந்தா ஏத்தாதுன்னு சொல்லிருந்தாங்க, ஆனா நிறைய டூயல் பூட் மெஷின்லயும் ஏறிடுச்சு, அப்ப உலகம் பூரா லினக்ஸ் ஆளுங்க மெஷின் இதே வரியோட நின்னு போச்சு. உங்க லேப்டாப்ல விண்டோஸ் மட்டும் இருந்ததால ஏறுனது எதிர்பாத்ததுதான். அந்த எண் மதர்போர்டுல இருக்கற மெமரில எழுதப்படுது, ஹார்ட் டிஸ்க்ல இல்ல, அதனால டிஸ்க்கை கழட்டுனாலும் பென் டிரைவ் மாத்துனாலும் இதேதான் வரும். அதாவது மெஷின் அதோட வேலையை சரியாத்தான் செய்யுது, ஓட்டை உள்ள பழைய ஷிம்மை உள்ள விடல. மருந்து அட்டைல தேதி முடிஞ்சிருந்தா கடைக்காரர் தரமாட்டார்ல, அந்த மாதிரி.

அதனால செக்யூர் பூட் அப்படியே இருக்கட்டும், புது ஐஎஸ்ஓ இறக்குங்க. மின்ட் 22 வரிசை எதுவா இருந்தாலும் சரி, அது உபுண்டு 24.04 மேல கட்டுனது, புது ஷிம் அதுல இருக்கு, 2029 வரைக்கும் அப்டேட் வரும். 20.3க்கு 2025லயே சப்போர்ட் முடிஞ்சிருச்சு, அது பூட் ஆகி இருந்தாலும் போட வேணாம்னுதான் சொல்லிருப்பேன்.

பென்குயின் தம்பி:
செம விளக்கம்ணே. புது ரூஃபஸ்ல இந்த மாதிரி தடை பண்ண பூட்லோடர் உள்ள ஐஎஸ்ஓ குடுத்தா எழுதறதுக்கு முன்னாடியே எச்சரிக்கை காட்டும், அதனால ரூஃபஸையும் கடைசி வெர்ஷனா வச்சுக்கறது நல்லது. அக்கா, இறக்குனதும் எஸ்எச்ஏ256 எண்ணை சரிபாருங்க. கமாண்ட் ப்ராம்ப்ட்ல சர்ட்யூட்டில்னு ஒரு கமாண்ட் விண்டோஸ்லயே இருக்கு, அதுல ஹேஷ்ஃபைல் ஆப்ஷன், ஃபைல் பேர், கடைசில எஸ்எச்ஏ256ன்னு குடுத்தா ஒரு நீள எண் வரும், மின்ட் தளத்துல போட்டிருக்கற எண்ணோட ஒத்துப் போகணும். கிட்டத்தட்ட 3 ஜிபி, நம்ம ஊர் நெட்ல நடுவுல அறுந்து போக வாய்ப்பு இருக்கு, பாதி ஃபைலை எழுதிட்டு ஏன் வரலைன்னு உக்காந்துட்டு இருக்கறத விட இந்த ஒரு நிமிஷ வேலை மேல்.

நிழல்கிளி:
2024ல டூயல் பூட் மெஷின் இப்படி நின்னு போனவங்க யாராவது இன்னும் இருந்தா: பிட்லாக்கர் கீயை கைல வச்சுக்கிட்டு செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணி லினக்ஸுக்குள்ள போய் மோக்யூட்டில் கமாண்டால எஸ்பாட் பாலிசியை டெலீட் பண்ணச் சொல்லி, ஒரு தடவை லினக்ஸுக்கே ரீபூட் ஆகி, ஷிம், கிரப் எல்லாத்தையும் அப்டேட் பண்ணிட்டு திரும்ப செக்யூர் பூட்டை ஆன் பண்ணணும். ஆஃப்லயே விட்டுட்டு போயிடாதீங்க.

அருவிக்கரை:
எனக்கும் ஒண்ணு. 2015ல வாங்குன சின்ன நோட்புக், ஆட்டம் இசட்3735எஃப், 2 ஜிபி ரேம். எந்த லினக்ஸ் பென் டிரைவ் போட்டாலும் மெனுல வர்றதே இல்ல. இதே பென் டிரைவ் வேற மெஷின்ல நல்லா ஓடுது. இங்க சொன்ன எல்லாம் பாத்தாச்சு.

பழைய பயாஸ்:
அருவி, உங்களது தனி வகை. அந்த சிப் 64 பிட், ஆனா அந்த காலத்து சின்ன மெஷின்கள்ல யூஈஎஃப்ஐயை 32 பிட்ல போட்டு விட்டாங்க. அது பூட்எக்ஸ்64ஐ தேடாது, பூட்ஐஏ32ங்கற ஃபைலைத்தான் தேடும். உபுண்டு, மின்ட் ஐஎஸ்ஓல அது இல்ல. டெபியன் 12ஓட 32 பிட் ஐஎஸ்ஓ எடுங்க, அதுல இருக்கும். டெபியன் 13ல 32 பிட் இன்ஸ்டாலரையே நிறுத்திட்டாங்க, அதனால 12தான். 2 ஜிபி ரேம்க்கு டெஸ்க்டாப் எல்எக்ஸ்டிஇ மாதிரி லேசா எடுத்துக்கோங்க. வைஃபைக்கு தனியா ஃபர்ம்வேர் வேணும், 12ல இருந்து அதையும் ஐஎஸ்ஓலயே சேத்து குடுக்கறாங்க.

மேகமலை:
பூட் ஆயிடுச்சு!!! செக்யூர் பூட் ஆன்லதான் இருக்கு, மின்ட் 22 ஐஎஸ்ஓ எழுதி செலக்ட் பண்ணதும் நேரா மெனு வந்து டெஸ்க்டாப் வந்துருச்சு. வைஃபை, சவுண்ட், டச்பேட் எல்லாம் லைவ்லயே (இன்ஸ்டால் பண்ணாம பென் டிரைவ்ல இருந்தே) வேலை செய்யுது. இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுக்கலாம்னு நிறுத்தி வச்சிருக்கேன், விண்டோஸை வச்சுக்கிட்டு எப்படி பிரிக்கறது?

கோவை சர்வீஸ்:
நிறுத்துனது நல்லதுங்க. மொதல்ல அப்பாவோட டேலி டேட்டா ஃபோல்டரை வெளி டிஸ்க் ஒண்ணுல காப்பி எடுங்க, வேற மெஷின்ல தொறந்து கம்பெனி லோடு ஆகுதான்னு பாருங்க, பேக்கப்னு பேருக்கு இருந்தா பத்தாது. அப்புறம் விண்டோஸ்ல டிவைஸ் என்கிரிப்ஷனை டர்ன் ஆஃப் குடுத்து அது முழுசா டீகிரிப்ட் ஆகற வரைக்கும் சார்ஜர் போட்டு விட்டுடுங்க, நேரம் ஆகும், நடுவுல அணைக்காதீங்க. பிட்லாக்கர் இருந்தா லினக்ஸ் இன்ஸ்டாலரால அந்த பார்ட்டிஷனை சுருக்க முடியாது. கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ்க்குள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கையும் எடுத்துடுங்க, இல்லீன்னா லினக்ஸ்ல இருந்து சி டிரைவை தொறக்கறப்ப தகராறு பண்ணும். இடத்தை விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மென்ட்லயே ஷ்ரிங்க் குடுத்து ஒதுக்குங்க, 60 ஜிபி தாராளம். மின்ட் இன்ஸ்டாலர்ல விண்டோஸ் கூடவே போடுங்கற ஆப்ஷன் வரும், அதை எடுங்க, எரேஸ் டிஸ்க் பக்கம் போகவே வேண்டாம்.

நிழல்கிளி:
இன்ஸ்டாலர்ல டிஸ்க்கே தெரியலைன்னா பயாஸ்ல சாட்டா மோட் ரெய்டுன்னோ ஆர்எஸ்டின்னோ இருக்கும், ஏஎச்சிஐக்கு மாத்தணும். 11ஆம் தலைமுறைல இருந்து வர இன்டெல் மெஷின்ல இதே விஷயம் விஎம்டின்னு இருக்கும். விண்டோஸ் வச்சிருக்கறவங்க நேரடியா மாத்துனா விண்டோஸ் நீல ஸ்கிரீன்ல நின்னுடும், முதல்ல விண்டோஸை சேஃப் மோடுக்கு வர மாதிரி செட் பண்ணிட்டு, பயாஸ்ல மாத்தி, சேஃப் மோடுல ஒரு தடவை வந்துட்டா புது டிரைவரை அது பிடிச்சுக்கும், அப்புறம் சேஃப் மோடை எடுத்துடலாம்.

மேகமலை:
எனக்கு டிஸ்க் தெரிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது, ஆன் பண்ணா கிரப் மெனுல மின்ட், விண்டோஸ் ரெண்டும் வருது. ஒரே ஒரு சிக்கல், மின்ட்ல இருந்துட்டு விண்டோஸ்க்கு போனா கடிகாரம் தப்பா இருக்கு, அஞ்சரை மணி நேரம் பின்னாடி. காலைல கடை தொறந்ததும் அப்பா பில் போட்டா நேரம் தப்பா விழுந்துடும் போல.

பழைய பயாஸ்:
அஞ்சரைன்னு சொன்னதுமே தெரிஞ்சுது. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்துல யூடிசி (உலகப் பொது நேரம்) வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம்னு எடுத்துக்கும், நமக்கும் யூடிசிக்கும் வித்தியாசம் 5:30. மின்ட்ல டெர்மினல் தொறந்து டைம்டேட்சிடிஎல் கமாண்டுல செட் லோக்கல் ஆர்டிசி ஆப்ஷனுக்கு 1 குடுங்க, விண்டோஸ்ல நேரத்தை ஒரு தடவை சிங்க் பண்ணுங்க. டேலி மெஷின்ங்கறதால விண்டோஸ் பக்கம் கை வைக்காம லினக்ஸை மாத்தறதுதான் நல்லது. இன்னொண்ணு, விண்டோஸ் 10 இனிமே டேலிக்கு மட்டும் இருக்கட்டும், பேங்க், மெயில், பிரவுசிங் எல்லாம் மின்ட்ல வச்சுக்கோங்க.

மேகமலை:
நேரம் சரியாயிடுச்சு அண்ணா, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி போய் பாத்தேன். டேலியும் தொறக்குது. எல்லாருக்கும் மனசார நன்றி. சித்தப்பா பையன்கிட்டயும் அந்த பழைய ஐஎஸ்ஓவை அழிச்சுட்டு புதுசு இறக்கி வைக்க சொல்லிட்டேன், அவன் காலேஜ்ல இன்னும் ரெண்டு பேருக்கு அதையே குடுத்திருக்கானாம்.

அருவிக்கரை:
டெபியன் 12 32 பிட் போட்டேன், முதல் தடவையா மெனுல பேர் வந்துச்சு! இன்ஸ்டால் ஓடிட்டு இருக்கு, வைஃபையும் பிடிச்சுது. சவுண்ட் வரலைன்னா தனி இழை போடறேன்.